ஆழ்மனத்தின் தொல்படிமங்கள்: கோத்தகிரி வாசிப்பு வட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நாங்கள் சிலர் கூடி உளவியல் வாசிக்கிறோம். பள்ளி ஆசிரியர்கள், ஒரு நர்ஸ், தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுபவர், ஹோம்ஸ்டே நடத்துபவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் எல்லாம் வருவார்கள். சுவிட்சர்லாந்து உளவியலாளர் கார்ல் யுங் சொன்ன தொல்படிமங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் புதியவர்கள் கேட்பதும் பழையவர்கள் மறுபடி கேட்பதும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவரவர் கேட்ட விதத்திலேயே அவற்றை எழுதி, நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களையும் சேர்த்திருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படித்தால் நல்லது. முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை.

ஆர்க்கிடைப், ஆர்க்கிடைப்னு சொல்றீங்களே டீச்சர், அது என்ன?

மனிதர் எங்கே பிறந்தாலும் சில சந்தர்ப்பங்களிலிருந்து தப்ப முடியாது. ஒரு தாயின் கையில் கிடக்க வேண்டும், பெரியவர் சொல்லைக் கேட்க வேண்டும் அல்லது மீற வேண்டும், பயத்தைத் தாண்ட வேண்டும், துணை தேட வேண்டும், ஒருநாள் சாக வேண்டும். இவற்றை எப்படி உணர்வது, எப்படி எதிர்கொள்வது என்பதில் மனத்துக்குப் பிறவியிலேயே ஒரு சாய்வு இருக்கிறது என்றார் யுங். அந்தச் சாய்வுகள்தான் ஆர்க்கிடைப், தமிழில் தொல்படிமங்கள். நம் சொந்த நினைவுகளுக்கும் அடியில், எல்லோருக்கும் பொதுவான ஒரு தளத்தில் அவை இருப்பதாக அவர் நினைத்தார். அந்தத் தளத்துக்குக் கூட்டு நனவிலி என்று பெயர் வைத்தார். நனவிலி என்றால் நமக்குத் தெரியாமல் இயங்கும் மனம்.

தாய், வீரன், குழந்தை, ஞானி, குறும்பன், நிழல் ஆகியவை அதிகம் பேசப்படுபவை. முழுப் பட்டியல் கேட்காதீர்கள். வாழ்க்கையில் எத்தனை விதமான சந்தர்ப்பங்கள் உண்டோ அத்தனை தொல்படிமங்கள் உண்டு என்று யுங்கே எழுதிவிட்டார்.

அப்போ எல்லார் மனசிலும் ஒரே படம்தான் இருக்கா?

இல்லை. படம் பிறவியில் வருவதில்லை, அது உருவாகும் விதம்தான் வருகிறது என்று யுங் சொல்லிச் சொல்லிச் சலித்திருக்கிறார். கரைசலில் படிகம் விளைவதை உதாரணம் காட்டினார். எந்த அச்சில் வளரும் என்பது முன்பே முடிவாகியிருக்கும், ஆனால் கரைசலுக்குள் அந்த அச்சைக் கண்ணால் பார்க்க முடியாது. விளைந்த பிறகு ஒரு படிகம் மாதிரி இன்னொன்று இருக்காது.

ஞானியை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பியக் கதைகளில் அவர் வெள்ளைத் தாடிக் கிழவர். நம்மிடமும் அகத்தியர் இருக்கிறார், சரி. ஆனால் ஆலமரத்தடியில் பேசாமல் உபதேசிக்கும் தட்சிணாமூர்த்தி இளைஞர். எதிரே உட்கார்ந்திருக்கும் முனிவர்கள்தான் கிழவர்கள். சுவாமிமலையில் மகன் குரு, அப்பா சீடர். சுட்ட பழம் வேண்டுமா சுடாத பழம் வேண்டுமா என்று மரத்தின் மேலிருந்து கேட்ட மாட்டுக்காரப் பையனிடம் அத்தனை படித்த ஔவையார் தோற்றுப்போகிறார். முதுமையும் இளமையும் ஜோடியாகவே வருகின்றன என்று யுங்கின் வழிவந்தவர்களும் எழுதியிருக்கிறார்கள். நம் கதைகளில் அந்த ஜோடி பல சமயம் தலைகீழாக நிற்கிறது. சாய்வு பொதுவாக இருக்கலாம், அதற்கு உருவம் கொடுப்பது ஊரும் கதையும்தான்.

யுங்குக்கும் நம்ம நீலகிரிக்கும் ஏதோ தொடர்பு இருக்குன்னு சொன்னீங்களே, நிஜமாவா?

நேரடித் தொடர்பு இல்லை. யுங் 1937 டிசம்பரில் இந்தியா வந்தார். இந்திய அறிவியல் மாநாட்டின் 25ஆம் ஆண்டு விழாவுக்காக அன்றைய அரசு அழைத்திருந்தது. சாஞ்சி, கோனாரக் பார்த்தார். கல்கத்தாவில் சீதபேதி வந்து ஆஸ்பத்திரியில் படுத்தார். திருவண்ணாமலை போய் ரமணரைப் பார்க்கவில்லை. ஏன் போகவில்லை என்று பின்னால் அவரே ஒரு விளக்கம் எழுதினார். எனக்கு அது சமாளிப்பாகத்தான் தெரிகிறது.

சுற்றி வளைத்து வரும் தொடர்பு ஒன்று உண்டு. டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், உளவியலாளர் 1901-02இல் இந்த மலைக்கு வந்து தோடர்களை ஆய்வு செய்தார். எந்த மந்தில் (தோடர் குடியிருப்பில்) யார், யாருக்கு யார் உறவு, எருமைப்பால் கடையும் புனிதமான பால்மனையில் சடங்குகள் எப்படி, எருமைகளின் பெயர்கள் என்ன என்பது வரை எழுதி 1906இல் நூலாக வெளியிட்டார். முதல் உலகப் போரின்போது அதிர்ச்சியில் மனம் குலைந்து வந்த ராணுவ அதிகாரிகளுக்கு ஸ்காட்லாந்தில் சிகிச்சை கொடுத்ததும் இதே ரிவர்ஸ்தான். 1919 ஜூலையில் லண்டனில் இயல்பூக்கமும் நனவிலியும் என்ற பொருளில் ஒரு கருத்தரங்கு நடந்தது. அதில் ரிவர்ஸும் கட்டுரை அளித்தார், யுங்கும் அளித்தார். அதுவரை 'ஆதிப் படிமம்' என்று சொல்லிக்கொண்டிருந்த யுங், 'ஆர்க்கிடைப்' என்ற பெயரை முதன்முதலாகப் பயன்படுத்தியது அந்தக் கட்டுரையில்தான்.

நெட்ல டெஸ்ட் எடுத்தேன் அக்கா, எனக்கு 'கேர்கிவர்'னு வந்துச்சு. அதுதான் நானா?

கேர்கிவர் என்றால் பிறரைப் பராமரிப்பவர். அந்த டெஸ்ட் வைத்திருக்கும் பன்னிரண்டு வகைத் தொல்படிமப் பட்டியல் யுங்குடையது இல்லை. அமெரிக்காவைச் சேர்ந்த கேரல் பியர்சன் 1991இல் பன்னிரண்டாக வகுத்தார். பிறகு 2001இல் மார்கரெட் மார்க்கோடு சேர்ந்து அதை விளம்பர உலகத்துக்குக் கொண்டுபோனார். ஒரு ஷூ கம்பெனி தன்னை வீரனாகக் காட்டிக்கொள்வதா, கலகக்காரனாகக் காட்டிக்கொள்வதா என்று முடிவெடுக்க அது உதவும். நாலு எழுத்தில் உங்கள் குணத்தைச் சொல்லும் இன்னொரு டெஸ்ட் இருக்கிறதே, அது யுங் 1921இல் எழுதிய ஆளுமை வகைகளிலிருந்து மற்றவர்கள் வளர்த்தது. அதற்கும் தொல்படிமத்துக்கும் சம்பந்தமில்லை.

விடை 'அப்படியே பொருந்துகிறது' என்று தோன்றுவதை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் 39 மாணவர்களுக்கு ஒரு டெஸ்ட் வைத்து, தனித்தனியாக எழுதியது என்று சொல்லி எல்லோருக்கும் ஒரே குணக் குறிப்பைக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4க்கு மேல் வந்தது.

ஆளுக்கு ஒரு தொல்படிமம் என்று ஒதுக்கீடு எதுவும் கிடையாது. எல்லாம் எல்லோரிடமும் உண்டு. 'நான் எது?' என்று கேட்டால் ஒரு பட்டம் கிடைக்கும், கழுத்தில் மாட்டிக்கொண்டு திரியலாம். 'இந்த நேரத்தில் என்னை எது பிடித்து ஆட்டுகிறது?' என்று கேட்டால்தான் ஏதாவது தெரியவரும்.

வெளியே ஒரு முகம், வீட்டுல ஒரு முகம். இது போலித்தனம் இல்லையா?

இல்லை. ஊரோடு ஒத்துப் பழக ஒரு முகம் வேண்டும். யுங் அதை முகமூடி என்றார், திட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் தன் சொந்தக் கவலையை முகத்தில் காட்டிக்கொண்டு ஊசி போட்டால் யார் தாங்குவது?

முகமூடி தோலோடு ஒட்டிக்கொள்ளும்போதுதான் பிரச்சினை. எங்கள் வட்டத்தில் ஹோம்ஸ்டே நடத்தும் ஒரு பெண்மணி சொன்னது இது. மே மாத சீசனில் ராத்திரி பதினோரு மணிக்குக் கீசரில் வெந்நீர் வரவில்லை என்று கதவைத் தட்டுவார்கள். சிரித்துக்கொண்டே போய்ச் சரிசெய்வார். கடைசி கெஸ்ட் தூங்கப் போன பிறகு பல் துலக்கும்போது கண்ணாடியில் பார்த்தால் அந்தச் சிரிப்பு இன்னும் இறங்காமல் அப்படியே இருக்கும். மகள் வந்து சார்ஜர் எங்கே என்று கேட்டாளோ இல்லையோ, வீடே அதிரக் கத்திவிடுவார். பகல் முழுக்க உள்ளேயே அடக்கிவைத்த எரிச்சல் சார்ஜர் வழியாக வெளியே வருகிறது.

நிழல்னா நம்ம கெட்ட குணம்தானே?

பாதி சரி. 'இது நானில்லை' என்று ஒதுக்கிவைத்தது எல்லாம் நிழல்தான். கோபம், பொறாமை, பேராசை எல்லாம் அங்கே இருக்கும். நல்லதும் இருக்கும். பாடக் கூடாது என்று சின்ன வயதில் அதட்டி உட்காரவைத்த பெண்ணுக்குப் பாட்டே நிழலில் போய் உட்கார்ந்திருக்கும். அழக் கூடாது என்று வளர்ந்த ஆணுக்கு இரக்கம் அங்கே இருக்கும். ரொம்ப நல்லவர் என்று பேர் வாங்கினவர்களின் நிழல் கொஞ்சம் கனம் அதிகம். வயதானவர்கள் இதைக் கேட்டால் தலையாட்டுவார்கள், இளையவர்கள் நம்ப மாட்டார்கள்.

என் நாத்தனாரைப் பார்த்தாலே எரியுது. அதுவும் என் நிழலா? அவங்க நிஜமாவே அப்படித்தான் டீச்சர்!

அவர் நிஜமாகவே அப்படி இருக்கலாம். நம் நிழலை அடுத்தவர் மேல் ஏற்றிப் பார்க்கிறோம் என்று யுங் சொன்னதற்கு அடுத்தவர் சுத்தமானவர் என்று அர்த்தமில்லை. ஏற்றி வைப்பதற்கு அங்கே ஒரு கொக்கி இருந்தால்தான் எதுவும் மாட்டும்.

பார்க்க வேண்டியது அளவை. நாத்தனார் உங்கள் புடவையைக் கேட்காமல் எடுத்துக் கட்டிக்கொண்டார், எரிச்சல் வந்தது, சொன்னீர்கள், முடிந்தது. அது நாத்தனார் விவகாரம். அதே புடவை மூன்று நாள் தூக்கத்தைக் கெடுத்து, பஸ்ஸில் போகும்போது மனசுக்குள் அவரோடு வசனம் பேச வைத்தால், அந்த மிச்சம் உங்களுடையது. கேட்காமல் ஒன்றை எடுத்துக்கொள்ளும் உரிமை தனக்கு ஒருநாளும் இருந்ததில்லை என்று ஒருவர் யோசித்து யோசித்துக் கடைசியில் சொன்னார். அவருடைய எரிச்சல் பாதியாவது எங்கிருந்து வந்தது என்று அப்போது தெரிந்தது.

தாய் தொல்படிமம் வேற, என் அம்மா வேறயா?

வேறுதான். என்னைக் கேட்டால் இந்தப் பாடம் முழுவதிலும் உபயோகமான இடம் இதுதான்.

தொல்படிமத் தாய்க்கு எல்லையே இல்லை. கேட்பதற்கு முன் கொடுப்பாள், சோர்வடைய மாட்டாள், சாக மாட்டாள். அதே வேகத்தில் விழுங்கவும் செய்வாள். தாய் தொல்படிமத்தைப் பற்றி 1938இல் எழுதியபோது, அன்பும் பயங்கரமும் ஒரே தாயிடம் இருப்பதற்குக் காளியை யுங் எடுத்துக்காட்டினார். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம், மாரியம்மன் போதும். முத்துப் போடுவதும் அவள், இறக்கி வைத்துக் குளிரச் செய்வதும் அவள். இவ்வளவையும் ஒரு சாதாரண மனுஷியின் தலையில் ஏற்றுகிறோம். அவளுக்கு முதுகு வலிக்கிறது, கடன் இருக்கிறது, படிக்க ஆசைப்பட்டு முடியாமல் போயிருக்கிறது.

எஸ்டேட் லைன் வீட்டில் வளர்ந்த ஒருவர் தன் அம்மா தன்னைக் கொஞ்சியதே இல்லை என்று வெகுகாலம் மனத்தாங்கலோடு இருந்தார். சாயங்காலம் இலை எடை போட்டுவிட்டு வருவார்களாம், விரல் நுனியெல்லாம் கொழுந்துக் கறை ஏறிக் கறுத்திருக்குமாம், யாரிடமும் பேசாமல் அடுப்புக்கு முன்னால் கையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்களாம். இதைச் சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தி, 'அவங்களுக்குக் குளிர் இருந்திருக்கும் இல்ல?' என்றார். வேறு யாரும் எதையும் விளக்கவில்லை. அதுவரை அவர் கோபித்துக்கொண்டிருந்தது அந்தப் பெண்ணிடம் இல்லை.

ஹெத்தையம்மனையும் இந்தக் கணக்குல சேர்த்தா சாமியைக் கதையாக்கின மாதிரி ஆகாதா?

படுகர் நண்பர்கள் கேட்பது, நியாயமான கேள்வி. பேரகணியிலும் மற்ற ஊர்களிலும் ஜனவரி வாக்கில் வெள்ளை உடுத்திக் கூடுகிறவர்களுக்கு ஹெத்தை தங்கள் முதுதாய், தெய்வம். உளவியல் அதைத் தொட முடியாது, தொடவும் கூடாது. மனசுக்குள் என்ன நடக்கிறது என்பது வரைதான் அதன் எல்லை. தெய்வம் உண்டா இல்லையா என்று அது தீர்ப்புச் சொல்வதில்லை என்பதை யுங்கும் பலமுறை சொல்லியிருக்கிறார்.

பாட்டியைத் தெய்வமாக வணங்கும் ஊரில் வளர்ந்த பெண், முதுமையைப் பற்றி நினைப்பதற்கும் நகரத்தில் தனி வீட்டில் வளர்ந்த பெண் நினைப்பதற்கும் வித்தியாசம் இருக்கும். நான் சொல்வது இவ்வளவுதான். இன்னொன்று, ஹெத்தையையும் மாரியையும் காளியையும் ஒரே அச்சில் வார்த்துவிடாதீர்கள். இரண்டாவது கேள்வியில் சொன்னது இங்கேயும் பொருந்தும்.

அனிமா, அனிமஸ் மட்டும் புரியவே இல்ல.

ஆணின் மனத்தில் ஒரு பெண்ணுருவம் (அனிமா), பெண்ணின் மனத்தில் ஓர் ஆணுருவம் (அனிமஸ்), பார்த்தவுடன் காதலில் விழுவது பெரும்பாலும் அந்த உள்ளுருவத்தை வெளியே பார்த்துத்தான் என்பது யுங்கின் கணிப்பு. திருச்செங்கோட்டு அர்த்தநாரீஸ்வரரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் பெண்களின் சிந்தனையைப் பற்றி அந்தச் சாக்கில் அவர் எழுதிய பலவும் அவர் காலத்து ஆண்களின் எண்ணம்தான். அதை விட்டுவிடலாம்.

கனவுல கரடி துரத்துது. அது என் நிழலா?

கோத்தகிரியில் இருந்துகொண்டு கரடிக் கனவுக்கு நேராகத் தொல்படிமத்திடம் போக வேண்டாம். இங்கே கரடி தேயிலைத் தோட்டத்தில் நடக்கிறது, கோயிலுக்குள் புகுந்து விளக்கெண்ணெயைக் குடிக்கிறது. முந்தின நாள் யாராவது சிசிடிவி வீடியோ அனுப்பினார்களா என்று முதலில் பாருங்கள்.

கனவு கண்டவருக்கு அந்தப் பொருள் என்ன என்பதைத்தான் யுங்கும் முதலில் கேட்பார். அதற்குப் பிறகுதான் கதைகளையும் புராணங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். கனவுப் பலன் புத்தகம் மாதிரி 'கரடி என்றால் இது' என்று சொல்பவர்களிடம் ஜாக்கிரதை. அதே கரடி திரும்பத் திரும்ப வருகிறது, முழித்த பிறகும் பகல் முழுக்க ஒரு கனம் இருக்கிறது என்றால், ஓடுவதை நிறுத்தித் திரும்பிப் பார்த்தால் அது என்ன செய்யும் என்று உட்கார்ந்து எழுதிப் பாருங்கள்.

சாமி வந்து ஆடுறாங்களே, அது தொல்படிமம் பிடிச்சுக்கிறதா?

ஆடுபவருக்கு அது சாமி. அதற்கு மேல் நான் போகவில்லை, ஹெத்தையைப் பற்றிச் சொன்ன அதே காரணம்தான். ஆனால் அந்த ஏற்பாட்டைக் கவனியுங்கள். நாள் குறித்திருக்கிறார்கள், உடுக்கையோ பறையோ இருக்கிறது, தாங்கிப் பிடிக்க ஆள் இருக்கிறது, முடிவில் திருநீறு போட்டுச் சாமி மலையேறிவிடுகிறது. மறுநாள் அதே ஆள் கடைக்குப் போய் பால் வாங்குகிறார்.

மலையேறாமல் நின்றுவிட்டால்தான் ஆபத்து, யுங் பயந்ததும் அதற்குத்தான். ஊரைக் காக்கப் பிறந்த வீரன் நான்தான் என்று ஒருவர் இருபத்து நாலு மணி நேரமும் இருக்க ஆரம்பிக்கிறார், எல்லாம் தெரிந்த குரு என்று இன்னொருவர். தொல்படிமத்தின் பலத்தைத் தன் பலம் என்று எடுத்துக்கொண்டு ஊதிப்போவது அது. ஏற்கெனவே மலையில் இருக்கிற நம்மிடையே இப்படி ஊதிப்போனவர்கள் எத்தனை பேர் என்று எண்ண ஆரம்பித்தால் பொழுது போய்விடும்.

இதுக்கெல்லாம் விஞ்ஞான ஆதாரம் இருக்கா, இல்ல ஜாதகம் மாதிரியா?

இரண்டுக்கும் நடுவில். பிறந்து சில நிமிஷங்களே ஆன குழந்தைகளும் முகம் போன்ற வடிவத்தைக் கண்ணால் தொடர்கின்றன என்று சோதனைகளில் தெரிந்திருக்கிறது. பாம்பையே பார்க்காமல் ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த குரங்குகளுக்கு, வேறு குரங்கு பாம்புக்குப் பயப்படும் வீடியோவைக் காட்டினால் பாம்பு பயம் தொற்றிக்கொண்டது. வீடியோவில் பாம்புக்குப் பதில் பூவை ஒட்டிக் காட்டியபோது பூ பயம் வரவில்லை. சூசன் மினேக்காவும் மைக்கேல் குக்கும் 1980களில் செய்தது இது. மனம் சில விஷயங்களுக்குத் தயாராகப் பிறக்கிறது என்பதற்கு இவை ஆதாரம்.

ஆனால் முகம், பாம்பு என்பதிலிருந்து ஞானி, அனிமா, முழு மனத்தின் மையம் என்று யுங் சொன்ன சுயம் என்று தாண்டுவதற்கு இந்தப் பாலம் போதாது. கதைகள் நாடு விட்டு நாடு பரவியிருக்கலாம். எல்லாக் குழந்தைக்கும் ஒரே மாதிரி அனுபவம் வாய்ப்பதால் ஒரே மாதிரிப் படிமம் விளையலாம், பிறவியிலேயே இருக்க வேண்டிய அவசியமில்லை. யுங்கின் வழியில் வந்த சிலரே இன்று அப்படித்தான் எழுதுகிறார்கள். அதோடு, எது நடந்தாலும் அதற்கொரு தொல்படிமத்தைச் சொல்லிவிட முடிகிறது. தவறு என்று நிரூபிக்கவே வழியில்லாத கருத்தை விஞ்ஞானம் ஏற்றுக்கொள்ளத் தயங்கும். பரம்பரையாக வருகிறது என்ற வாதத்தை நான் ஒதுக்கி வைத்துவிட்டேன். தன்னைக் கவனிக்க ஒரு வழி என்ற அளவில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

'நான் பண்ணல, என் நிழல் பண்ணுச்சு'ன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாமே?

சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். யுங்கே பெரிய அளவில் இந்தக் குழியில் விழுந்தார் என்று சொல்லலாம். ஹிட்லர் ஆட்சியில் ஜெர்மனியில் நடப்பதை வோட்டன் என்ற பழைய ஜெர்மானியத் தெய்வம் ஒரு தேசத்தைப் பிடித்துக்கொண்டதாக 1936இல் எழுதினார். ஓட்டுப் போட்டவர், கையெழுத்துப் போட்டவர், வேடிக்கை பார்த்தவர் எல்லோரும் அந்த விளக்கத்தில் மறைந்துபோகிறார்கள். 1933 முதல் அவர் வகித்த உளசிகிச்சை மருத்துவச் சங்கத் தலைவர் பதவியும் அப்போது எழுதிய சில வரிகளும் இன்றுவரை சர்ச்சையில் இருக்கின்றன.

குடித்துவிட்டு வந்து மனைவியை அடித்தவர் 'என் நிழல்' என்று சொன்னால், அந்த நிழலுக்குக் கை இல்லை, கை உங்களுடையது என்றுதான் பதில். நிழலைத் தெரிந்துகொள்வது பொறுப்பைக் கூட்டும், குறைக்காது.

என்னை எது பிடிச்சிருக்குன்னு நானே கண்டுபிடிக்க என்ன செய்யணும்?

நாத்தனார் கேள்வியில் சொன்ன அளவுதான் வழி. காரணத்தைவிடப் பெரிதாக உணர்ச்சி எழும்பிய இடத்தை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். கோபம் மட்டும் இல்லை, அளவு மீறிய பக்தி, ஒருவரைப் பார்த்ததும் வரும் மயக்கம், 'நான் இல்லையென்றால் இந்த வீடே நடக்காது' என்ற நினைப்பு எல்லாம் அதில் சேரும். நடந்ததை அப்படியே எழுதுங்கள், விளக்கம் எழுதாதீர்கள். சில வாரம் கழித்துப் படித்தால் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு இடம், ஆனால் நீங்கள் பேசிய வசனம் ஒன்றே என்று தெரியும். அதற்குப் பேர் வைக்க அவசரப்பட வேண்டாம். வீட்டில் இருப்பவர்களைக் கேட்டால் இன்னும் சீக்கிரம் தெரியும், கேட்கும் தைரியம் இருந்தால்.

மனசு ரொம்ப மோசமா இருக்கும்போது இதைச் செய்யலாமா?

கூடாது. தூக்கம் போய், சாப்பாடு போய், குரல் கேட்கிறது அல்லது சாகலாம் என்று தோன்றுகிறது என்றால் நோட்டை மூடிவைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். டெலி மானஸ் எண் 14416, இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம். வாசிப்பு வட்டம் ஆஸ்பத்திரி இல்லை.

எதில் ஆரம்பிச்சுப் படிக்கலாம்?

யுங்கின் கட்டுரைகளில் நேராகக் குதிக்காதீர்கள், பாதியில் விட்டுவிடுவீர்கள். பொது வாசகருக்காக அவர் கடைசியாக ஏற்பாடு செய்த நூல் ஒன்று உண்டு, 'மனிதனும் அவனது குறியீடுகளும்' என்ற பொருளில் ஆங்கிலத் தலைப்பு. தன் பகுதியை முடித்துக்கொடுத்துவிட்டு 1961இல் இறந்தார், நூல் 1964இல் வந்தது. படம் நிறைய இருக்கும், அவர் எழுதிய முதல் பகுதியை மட்டும் படித்தால்கூடப் போதும். எங்களிடம் ஒரு பிரதி இருக்கிறது, அட்டை போய்விட்டது. எடுத்துப் போகிறவர்கள் மழைக்காலத்தில் பிளாஸ்டிக் கவரில் சுற்றி எடுத்துப் போங்கள்.